சிறை சென்று வந்தவர் ஓட்டுப் போடலாமா? நீலகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

போடலாம். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று விடுதலையானவரும் போடலாம். தண்டனை முடிந்த பிறகும் ஓட்டுரிமை திரும்பாத நிலை அமெரிக்காவின் சில மாநிலங்களில் உண்டு, இங்கே இல்லை. இரண்டு ஆண்டு தண்டனை, விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டு தடை என்று நம்மூரில் பேசிக்கொள்வது தேர்தலில் நிற்பதற்கான விதி. அதை ஓட்டோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு, ஓட்டுப்பதிவு நாளில் சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவரைத்தான் தடுக்கிறது. கோவை மத்தியச் சிறையில் ரிமாண்டில் இருப்பவருக்கு, குற்றம் நிரூபணமாகாவிட்டாலும், ஓட்டு இல்லை. பத்தாண்டு தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் ஜாமீன் கிடைத்து குன்னூரில் இருப்பவருக்கு உண்டு. குண்டர் சட்டம் போன்ற தடுப்புக்காவலில் இருப்பவர் தபால் ஓட்டுப் போடலாம். ரிமாண்ட் கைதி தேர்தலில் நிற்கலாம், ஓட்டுப் போட முடியாது என்பது விசித்திரம்தான். ஆனால் இந்தத் தடை செல்லும் என்று 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளியே வந்த பிறகும் ஓட்டைப் பறிப்பவை தேர்தல் குற்றங்கள். ஓட்டுக்குப் பணம், ஆள்மாறாட்டம் போன்றவற்றில் தண்டனை பெற்றால் தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டு தடை. பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கியவரும் இதில் சிக்குவார்.

மலையில் பலருக்கு நடப்பது வேறு: உரிமை இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. சிறையில் இருப்பதால் மட்டும் பெயரை நீக்கக் கூடாது. அதே சட்டத்தில் 2013-ல் செய்த திருத்தம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் சரிபார்க்க வருபவர் 'ஆள் இல்லை, இடம் மாறிவிட்டார்' என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். 2025 இறுதியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்.ஐ.ஆர்.) படிவம் திருப்பித் தராத வீடாக இருந்தால் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

வாக்காளர் அட்டை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 1950 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது தேர்தல் ஆணையத்தின் ECINET செயலியில் (முன்பு வாக்காளர் ஹெல்ப்லைன்) தேடுங்கள். பந்தலூர்க்காரர் கூடலூர் தொகுதியிலும், கோத்தகிரிக்காரர் குன்னூர் தொகுதியிலும் பார்க்க வேண்டும். பெயர் இல்லையென்றால் படிவம் 6. பெயர் இருந்து வீடு மட்டும் மாறியிருந்தால் படிவம் 8. உங்கள் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ (பி.எல்.ஓ.) தாலுகா அலுவலகத் தேர்தல் பிரிவிலோ கொடுக்கலாம். விடுதலைச் சான்று தேவையில்லை. வயதுக்கும் முகவரிக்கும்தான் சான்று.

எஸ்டேட் லைன் வீட்டில் முகவரிதான் சிக்கல். கரண்ட் பில் எஸ்டேட் பெயரில் இருக்கும், வாடகை ஒப்பந்தம் இருக்காது. ஆதாரோ தபால் அலுவலகப் பாஸ்புக்கோ அந்த முகவரியில் இருந்தால் போதும். கதவு எண் இல்லாவிட்டால் எஸ்டேட் பெயர், டிவிஷன், லைன் எண், அஞ்சலகம் எல்லாம் எழுதுங்கள். சான்று எதுவும் இல்லையென்றால் பி.எல்.ஓ. நேரில் வந்து பார்த்தாக வேண்டும். அன்று ஆள் வீட்டில் இல்லாவிட்டால் மனு தள்ளுபடியாகலாம், அதனால் வேலை ஷிப்டை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வேட்புமனு கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரையும் சேர்க்க மாட்டார்கள். கடைசி வாரம்வரை இழுக்க வேண்டாம்.

'கேஸ் இருக்கு' என்று யாராவது மனுவை மறுத்தால் உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 15 நாளுக்குள் ஊட்டியில் கலெக்டரிடம் மேல்முறையீடு. அங்கும் மறுத்தால் 30 நாளுக்குள் சென்னையில் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம்.