பார்க் போடும் முன் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருமுறை அங்கே போய் நில்லுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊர் லே-அவுட் வரைபடத்தை விரித்தாலும் ஒரு மூலையில் பச்சை அடித்துப் 'பூங்கா' என்று எழுதியிருக்கும். எங்கள் பக்கம் அதற்குப் பெயர் ரிசர்வ் சைட். 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால் பணம் கட்டித் தப்பிக்கவும் முடியாது. தானப் பத்திரம் எழுதி இடத்தை உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

விதியில் குறை இல்லை. எந்தப் 10 சதவீதம் என்பதில்தான் வேலை நடக்கிறது. பள்ளம், பாறை, ஓடைக்கரை, ஹை-டென்ஷன் கம்பிக்கு அடி என்று எந்த மனை விலை போகாதோ அதுதான் பூங்கா ஆகிறது. கம்பிக்கு அடியில் மரம் வளர்க்க விடமாட்டார்கள். மரம் இல்லாத பார்க் எங்கள் ஊர் வெயிலில் யாருக்கு ஆகும்? மனைக்கு அப்ரூவல் வாங்கும் கட்டத்திலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

இடத்தை வாங்கிப் போட்டுவிட்டுப் பத்து வருஷம் சும்மா விடுவது அடுத்த தவறு. ஒரு வருஷம் அங்கே ஜல்லி கொட்டுவார்கள், அடுத்த வருஷம் ஒரு ஷெட் வரும், அப்புறம் ஒரு கோயில் மேடை. "நல்ல காரியத்துக்குத்தானேங்க" என்பார்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தபோதும் அதே வாதம்தான் வந்தது. 1991இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே காசு இருக்கிறதோ இல்லையோ, முதலில் கம்பி வேலி போட்டு போர்டு வையுங்கள். தானப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் ஆபீசில் வாங்கிக் குடியிருப்போர் சங்கத்து ஃபைலில் போடுங்கள்.

இனி நிழல். என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தவறும் இதற்குப் பிறகுதான்.

எங்கள் வார்டில் பார்க் திறந்தபோது பளபளவென்று எட்டு கிரானைட் பெஞ்சு போட்டார்கள். எட்டும் மேற்கைப் பார்த்து. திறப்பு விழா காலை ஒன்பது மணிக்கு நடந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. சாயங்காலம் நாலரைக்குப் போனால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், கல் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். பக்கத்து வீதி ஆத்தா ஒருவர் முந்தானையை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்துவிட்டார். "ஏங்கண்ணு, பார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்குது. எங்க ஒக்கார்றதுன்னுதான் தெரீல" என்று சொல்லிவிட்டு எதிரே பிள்ளையார் கோயில் அரசமரத்துத் திண்ணைக்குப் போய்விட்டார். இன்றைக்கும் அந்தக் கூட்டம் அங்கேதான் உட்காருகிறது. தகரச் சறுக்கு மரம் பற்றிக் குழந்தைகளைக் கேளுங்கள், தொடையைக் காட்டுவார்கள்.

டிராயிங் போடுபவர் ஏசி ரூமில் போடுகிறார் என்று குறை சொல்லிப் பயனில்லை. அவரைக் காலை ஆறு, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஐந்து என்று மூன்று வேளை இடத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள். பெஞ்சு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், மரம் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். மேற்குப் பக்கம் மரம் நெருக்கமாக இருந்தால் இரண்டு லாபம். சாயங்கால வெயிலும் மறையும், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்கும் தடுப்பாகும்.

அந்தக் காற்றை நினைத்துத்தான் மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செம்மயில்கொன்றை பூத்தால் கண்ணுக்கு அழகு, கிளை மட்டும் பட்டென்று முறியும். ஊஞ்சலுக்கு மேலே அது வேண்டாம். வேம்பு, புங்கன், நாவல், இச்சி எல்லாம் இந்த மண்ணுக்குப் பழகியவை. சீக்கிரம் பச்சை காட்ட வேண்டும் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வரிசையாக நட்டவர்கள் உண்டு. 2025இல் தமிழக அரசே அதை நடத் தடை போட்டுவிட்டது. நடுகிற மாசமும் முக்கியம். விழாத் தேதிக்காகப் பங்குனியில் நட்டால் சித்திரை வெயிலுக்குக் கன்று தாங்காது. புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும்.

கொரியன் புல்லைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. மலை மறைவில் கிடக்கிற, வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பார்க்கிற பூமியில் தினமும் லாரித் தண்ணீர் அடித்து ஒரு புல்லை வளர்த்து, அதில் 'மிதிக்காதீர்கள்' என்று போர்டும் நடுகிறோம். காங்கேயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல் மரம், கீழே கொழுக்கட்டைப் புல். யாரும் தண்ணீர் விடுவதில்லை. மாடே மிதித்துத் தாங்குகிற புல் குழந்தை ஓடினால் தாங்காதா? சின்னதாக ஒரு கால் ஏக்கரிலாவது செய்து பார்க்கலாம்.

பேவர் பிளாக்கும் அப்படித்தான். நடைபாதைக்கு மட்டும் போதும். சுவரிலிருந்து சுவர் வரை பரப்பினால் ஐப்பசி மழை உள்ளே இறங்காமல் ரோட்டுக்கு ஓடும். மரத்தைச் சுற்றி ஒரு ஆள் கை விரிக்கிற அகலத்துக்காவது மண்ணை விட வேண்டும். குளக்கரைகளில் இன்னும் கவனம் வேண்டும். சிங்காநல்லூர் குளம் மாதிரி இடங்களில் சேறும் சாய்வுமாக இருக்கிற கரைதான் பறவைக்கு இடம். அதைச் செங்குத்தாகக் கல் கட்டி விளக்குப் போட்டால் நமக்கு செல்ஃபி கிடைக்கும், கொக்குக்கு நிற்க இடம் இருக்காது.

யாரைக் கேட்டுத் திட்டம் போடுகிறோம் என்பதும் இருக்கிறது. பெரும்பாலும் காலை வாக்கிங் போகிற ஐயாமார்களைக் கேட்கிறோம். அதனால் காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை நாலு முதல் எட்டு என்று போர்டு மாட்டி, நடுவில் பூட்டிவிடுகிறோம். திருப்பூரில் பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு. துணி துவைத்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அவர்கள் வெளியே கிளம்புகிற மத்தியான நேரத்தில் கேட்டில் பூட்டு தொங்கும். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். கக்கூஸ் இருக்கிறதா, அது திறந்திருக்கிறதா, பார்க்கின் சுற்றுச்சுவர் ஆள் உயரத்துக்கு மறைக்கிறதா, மூலையில் விளக்கு எரிகிறதா என்று நாலே விஷயம்தான் சொல்வார்கள். எங்கள் பார்க்கில் கக்கூஸ் இருக்கிறது. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. வாட்ச்மேன் டீக்கடையில் இருக்கிறார்.

கடைசியாக, பராமரிக்க ஆளும் பணமும் எழுதாத சாமானை வாங்காதீர்கள். உடற்பயிற்சி இரும்புகளுக்கு பேரிங் தேயும், ஃபவுண்டனுக்கு மோட்டார் போகும். எஸ்டிமேட்டிலேயே ஐந்து வருஷப் பராமரிப்பைச் சேர்த்துக் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. மூன்றாவது மாசமே மோட்டார் நின்றது. இப்போது வறண்ட அந்தத் தொட்டிக்குள் பையன்கள் மூன்று செங்கல்லை நிறுத்தி ஸ்டம்ப் வைத்திருக்கிறார்கள். நேர் எதிரே 'பந்து விளையாடக் கூடாது' போர்டு. அதில் பட்டால் நாலு ரன்னாம்.