பழைய ரோடு சைக்கிளுக்கு பார்ட்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கேல எடுங்க

பழைய ஃப்ரேம் ஒண்ணு கைக்கு வந்து, அதுக்கு அந்தக் காலத்து பார்ட்ஸையே மாட்டணும்னு ஆசை வந்ததும் நாம செய்ற முதல் தப்பு, ராத்திரி உக்காந்து ஆன்லைன்ல பளபளன்னு தெரியற பார்ட்ஸா வாங்கிக் குவிக்கறது. நானும் அப்படித்தான் ஒரு பாட்டம் ப்ராக்கெட் (ஃப்ரேமுக்கு அடியில பெடல் அச்சு சுத்தற பாகம்) வாங்கினேன், கப்ப வச்சு திருகினா மரையே பிடிக்காம லொடலொடன்னு ஆடுது, அப்புறம்தான் தெரிஞ்சுது ஃப்ரேம் இத்தாலியன் மரை, நான் வாங்கினது இங்கிலீஷ். அதனால முதல்ல அளவு, அப்புறம்தான் அழகு.

ஸ்டெப் 1: பின் சக்கரத்த கழட்டிட்டு ஆக்சில் உக்கார்ற ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல உள்பக்க இடைவெளிய அளங்க. 120 மி.மீ.ன்னா பெரும்பாலும் 5 கியர் காலம், 126ன்னா 6, 7 கியர், 130ன்னா 8 கியருக்கு மேல. ஃப்ரேமோட வயசும் இதுலயே ஓரளவு தெரிஞ்சுடும்.

ஸ்டெப் 2: பாட்டம் ப்ராக்கெட் குழாயோட அகலம். 70 மி.மீ.ன்னா இத்தாலியன், ரெண்டு பக்கமும் வலது மரை. 68ன்னா இங்கிலீஷா இருக்கலாம், பழைய ஃப்ரெஞ்சாவும் இருக்கலாம், இங்கதான் உஷாரா இருக்கணும், ஏன்னா ஃப்ரெஞ்சு மரையும் இங்கிலீஷ் மரையும் விட்டத்துல கிட்டத்தட்ட ஒண்ணு, முதல் ரெண்டு சுத்து போற மாதிரியே போகும், அப்புறம் இறுகும், அப்ப ஸ்பேனர போட்டு அழுத்தினீங்கன்னா ஃப்ரேமே போச்சு. கையால திரும்பலைன்னா விட்டுடுங்க.

ஸ்டெப் 3: சக்கரம். பழைய 27 இஞ்ச் ரிம்ம எடுத்துட்டு, இப்ப ரோடு சைக்கிள்ல சாதாரணமா வர்ற 700சி சைஸ் போட்டா ரிம் 4 மி.மீ. உள்ள தள்ளிப் போகும். ப்ரேக் கட்டை அவ்ளோ கீழ இறங்குமான்னு பாத்துட்டு வாங்குங்க.

ஸ்டெப் 4: இப்பதான் வருஷம் பாக்கறது. ஜப்பான் கம்பெனி ஷிமானோவோட பார்ட்ஸ்ல பின்பக்கம் பொடியா ரெண்டு எழுத்து குத்தியிருக்கும், முதல் எழுத்து வருஷம், ரெண்டாவது மாசம். ஏ-ன்னா 1976, பி-ன்னா 1977, அப்படியே எண்ணிக்கிட்டு போங்க, "ஹெச்-சி"ன்னு (HC) இருந்தா 1983 மார்ச். விக்கிறவங்ககிட்ட பின்பக்க போட்டோ கேக்க வெக்கப்படாதீங்க.

எல்லாமே ஒரே கம்பெனியா இருக்கணும்னு அடம்பிடிக்க வேணாம். சொல்லப்போனா 60கள்ல வந்த சைக்கிள்ல இத்தாலி கம்பெனி கம்பன்யோலோவோட முழு செட் மாட்டினாதான் தப்பு, அவங்க ப்ரேக்கே அந்தப் பத்தாண்டோட கடைசிலதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி கியர் அவங்களது, ப்ரேக் மஃபாக், வைன்மன் மாதிரி வேற கம்பெனியோடதுன்னு கலந்துகட்டித்தான் ஓட்டினாங்க. க்ளிக் விழாத ஃப்ரிக்‌ஷன் ஷிஃப்டர் (கியர் மாத்தற லீவர்) இருந்தா வேற கம்பெனி டீரெய்லர் (செயின பல்லுக்குப் பல்லு நகர்த்தற பாகம்) கூட பெரும்பாலும் ஒத்துப்போகும். க்ளிக் விழற ஷிமானோ செட் 1984ல அவங்களோட டூரா-ஏஸ் மாடலோட வந்தது, அங்கிருந்து மட்டும் ஷிஃப்டர், டீரெய்லர், கியர் பல்லு மூணையும் ஜோடி பாத்து எடுங்க.

கண்ணுக்குத் தெரியறதுல கறாரா இருங்க, அதாவது டவுன் ட்யூப் ஷிஃப்டர் (ஃப்ரேமோட சாய்வான கீழ்க்குழாய்ல இருக்கற கியர் லீவர்), டோ க்ளிப் பெடல் (கால் முனைய பிடிக்கற கூடு வச்ச பெடல்), லீவருக்கு மேல வளைஞ்சு நிக்கிற ப்ரேக் கேபிள். இத்தாலில பழைய சைக்கிள்களுக்குன்னே நடக்குற எரோய்க்கா ஓட்டத்துலயே இந்த மூணத்தான் முக்கியமா பாப்பாங்க. செயின், கேபிள், டயர் எல்லாம் புதுசு போடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. ப்ரேக் கட்டைய நகத்தால அழுத்திப் பாருங்க, நகம் பதியலைன்னா அது ரப்பர் இல்ல, கல்லு. அந்த ஒரிஜினல் கட்டைய ஒரு டப்பால போட்டு வச்சுட்டு புதுசு மாட்டிட்டு அப்புறமா ரோட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.