வீட்டுக்குள் குடியேறிய தேனீக்களை இடம் மாற்றுவோர் செய்யும் தவறுகள்

மழைக்காலம் முடிந்ததிலிருந்து வேம்பு பூத்து ஓயும் வரையிலான மாதங்களில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்திலிருந்து தேனீக்களை எடுத்துப் போகச் சொல்லி அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். பொந்து விழுந்த பழைய மரங்கள் குறைந்துவிட்ட வடசென்னையில், இருட்டும் சிறு வாசலும் உள்ள எந்த இடமும் தேனீக்களுக்கு வீடுதான். கடை ஷட்டர் சுருளும் பெட்டி, பரணில் கிடக்கும் பழைய சூட்கேஸ், திருவிழா முடிந்து மூலையில் போட்ட ஒலிபெருக்கிப் பெட்டி, கவிழ்த்து வைத்த சின்டெக்ஸ் தொட்டி, காசிமேட்டில் கரையேற்றிய படகின் ஓட்டை ஐஸ் பெட்டி என்று பல இடங்களிலிருந்து அவற்றை எடுத்திருக்கிறேன். அண்மைக் காலமாக இளைஞர்கள் பலர் ஆர்வத்தோடு இந்த வேலைக்கு வருகிறார்கள். அவர்களுடன் போய் நிற்கும்போது, நான் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகளை வரிசைகூட மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். முகவலை அணிய வேண்டும், சென்ட் பூசக் கூடாது என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை முதல் கொட்டே கற்றுக்கொடுத்துவிடும்.

எந்தத் தேனீ என்று கேட்காமல் கிளம்புவது

தொலைபேசியில் "தேன்கூடு" என்று சொல்பவர்களில் சிலர் கடைசியில் காட்டுவது குளவிக்கூடு. ஆகவே புறப்படும் முன் ஒரு புகைப்படம் கேட்டு வாங்குங்கள். மேல்நிலைத் தொட்டியின் அடியிலோ அடுக்குமாடியின் சன்ஷேடிலோ திறந்த வெளியில் ஒரே பெரிய அடையாகத் தொங்கினால் அது மலைத்தேனீ. அது பெட்டியில் வாழாது. கலைத்தால் துரத்திக் கொட்டும். பருவம் முடிந்தால் தானாகவே கிளம்பிவிடும். ஆள் நடமாட்டத்துக்கு ஆபத்தான இடத்தில் இருந்தால் 101-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதே சரி. ஜன்னல் கம்பியிலோ செடிக் கிளையிலோ உள்ளங்கை அளவில் ஒற்றை அடை இருந்தால் அது கொம்புத் தேனீ. அதையும் பெட்டியில் அடைக்க முடியாது. சுவர் விரிசலிலிருந்து பிசின் குழாய் நீட்டிக்கொண்டு சிறு ஈக்களைப் போல் வந்துபோவது கொசுத் தேனீ. அது கொட்டுவதில்லை, அதற்கான பெட்டியும் முறையும் வேறு.

இருட்டான பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டியிருக்கும் அடுக்குத் தேனீதான் நாம் இடம் மாற்றக்கூடியது. இதிலும் ஒரு வேறுபாடு உண்டு. தாய்க்கூட்டிலிருந்து பிரிந்து வந்து, அடை எதுவும் இல்லாமல் கிரில் கம்பியில் கொத்தாகத் தொங்கும் கூட்டத்துக்குக் காக்க வேண்டிய குஞ்சுகளோ தேனோ இல்லை. வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்திருப்பதால் சாதுவாகவும் இருக்கும். அதைப் பெட்டிக்குள் உதறிவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். நீங்கள் போவதற்குள் அதுவே கிளம்பிப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அடை கட்டிப் புழு வளர்க்கத் தொடங்கிவிட்ட கூட்டம் அப்படியல்ல. கீழே எழுதுவதெல்லாம் அதைப் பற்றியே.

மின் மீட்டர் பெட்டிக்குள் கை விடுவது

மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை தொடக் கூடாது.

புகையை அள்ளி விடுவது

தேங்காய் மட்டைப் புகை இரண்டு மூன்று மூச்சு போதும். இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் புகைப்பானை விடாமல் அமுக்குகிறார்கள். நம் அடுக்குத் தேனீ அதிகப் புகைக்கு அடங்குவதில்லை. அடையை விட்டு ஓடி, பொந்தின் கைக்கு எட்டாத மூலையில் போய் அடைந்துகொள்ளும். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடை ஒன்றின் ஷட்டர் பெட்டியில் இப்படி மேலே ஏறிக்கொண்ட கூட்டத்தைக் கீழே கொண்டுவர அரை நாள் ஆயிற்று. அந்த நேரமெல்லாம் கடை மூடியே கிடந்தது. பண்டிகைக்கு முந்தைய வாரம் வேறு.

ராணியைத் தேடிக்கொண்டே நிற்பது

ஆயிரக்கணக்கான தேனீக்களுக்கு நடுவே ராணியைக் கண்ணால் கண்டுபிடித்தால்தான் பெருமை என்று நினைக்கிறார்கள். அதற்குள் அடையெல்லாம் வெயிலில் கிடந்து புழுக்கள் காய்ந்துவிடுகின்றன. அடைகளைக் கட்டிப் பெட்டியில் வைத்து, கொத்தாக நிற்கும் தேனீக்களைக் கைகளால் மெல்ல அள்ளி உள்ளே விட்டபின், வாசலைக் கவனியுங்கள். சில தேனீக்கள் வாசலில் நின்று வயிற்றுப் பகுதியை உயர்த்திச் சிறகடித்துக்கொண்டிருக்க, மற்றவை வரிசையாக உள்ளே நடந்தால், ராணி பெரும்பாலும் உள்ளே இருக்கிறது. எல்லாம் பெட்டியை விட்டு வெளியேறிப் பழைய பொந்துக்கே நடந்தால் அது அங்கே இருக்கிறது. ஒருவேளை ராணி நசுங்கிப் போயிருந்தாலும், அடையில் முட்டைகளோ மூன்று நாளுக்கு உட்பட்ட இளம்புழுக்களோ இருந்தால், அவற்றிலிருந்து வேறொரு ராணியை அவை வளர்த்துக்கொள்ள முடியும்.

அடையைத் தலைகீழாகக் கட்டுவது

அடையின் அறைகள் படுக்கையாக இல்லாமல் வெளிப்பக்கம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். வெட்டி எடுக்கும்போதே மேல்பக்கத்தில் ஒரு குறி போட்டு, அதே நிலையில் சட்டத்துக்குள் பொருத்தி, வாழை நாரால் கட்ட வேண்டும். சில நாட்களில் தேனீக்கள் அடையைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டிவிட்டு நாரைக் கடித்து வெளியே தள்ளிவிடும். நைலான் கயிறு அப்படிப் போகாது. மெல்லிய அடையை அறுத்துவிடவும் செய்யும். புழு உள்ள அடைகளை மட்டும் கட்டுங்கள். தேன் நிறைந்த அடை கனத்தில் அறுந்து விழும், ஒழுகும், ஒழுகிய தேனில் தேனீக்கள் மூழ்கிச் சாகும், வாசனைக்கு எறும்பு வரிசையாக வந்துவிடும்.

பகலிலேயே பெட்டியைத் தூக்கிச் செல்வது

மற்ற தவறுகளை அறியாமை என்று மன்னித்துவிடலாம். இதை மட்டும் தெரிந்தே செய்கிறார்கள் என்பதால், இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னும் எரிச்சல் அடங்குவதில்லை.

பணித் தேனீ தன் வாழ்நாளின் முதல் மூன்று வாரங்கள் அளவில் கூட்டுக்குள்ளேயே இருந்து அறைகளைத் துப்புரவு செய்யும், புழுக்களுக்கு ஊட்டும், அடை கட்டும்; அதன் பிறகே மேய்ச்சலுக்குக் கிளம்பும். கிளம்பும் முன் வாசலைப் பார்த்தபடி வட்டமடித்துப் பறந்து, கூடு இருக்கும் இடத்தைச் சுற்றுப்புற அடையாளங்களோடு மனத்தில் பதித்துக்கொள்ளும். திரும்பி வரும்போது அது ராணியைத் தேடி வருவதில்லை. பதித்துக்கொண்ட அந்த இடத்தைத் தேடி வருகிறது. காலை பதினொரு மணிக்கு நீங்கள் பொந்தைப் பிரிக்கும்போது அந்தக் குடும்பத்தின் அனுபவமுள்ள தேனீக்களில் பெரும்பகுதி வேம்பிலும் புங்கையிலும் எங்கோ மேய்ந்துகொண்டிருக்கிறது. அப்போதே பெட்டியை மூடி எடுத்துச் சென்றால் ஒரு குடும்பத்தை இரண்டாக வெட்டியதாகத்தான் பொருள். பெட்டியில் இருப்பவை மேயத் தெரியாத இளந்தேனீக்களும் பசித்த புழுக்களும். பழைய இடத்துக்கு வருபவை போக்கிடமற்றவை.

புதுவண்ணாரப்பேட்டையில் நான்கு குடித்தனங்கள் ஒரே நடையைப் பயன்படுத்தும் பழைய வீடு ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்த மர பீரோவுக்குள் நல்ல கூட்டம் ஒன்று இருந்தது. இரண்டு இளைஞர்கள் காலை பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினார்கள். வேலை சுத்தமாகவே நடந்தது; அடைகளை வெட்டியதிலும் கட்டியதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நண்பகலில் வீட்டுக்கார அம்மாள், "கையோட தூக்கினு போய்டுங்கப்பா, சாயந்திரம் பசங்க ஸ்கூல் விட்டு வரும்" என்று சொன்னார். மாலையில் பிள்ளைகள் வரும் என்பதுதான் பெட்டி அங்கேயே இருந்தாக வேண்டிய காரணம். அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. இவர்களுக்குத் தெரியும், இருந்தும் மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு மாதவரத்துக்குப் போய்விட்டார்கள்.

மேய்ச்சலுக்குப் போன தேனீக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, காலியான பீரோவைச் சுற்றிச் சுற்றி, கடைசியில் நடை முழுவதும் பறக்கத் தொடங்கின. நான்கு மணிக்குப் பிள்ளைகள் அதன் நடுவே ஓடி வந்தார்கள். ஒரு சிறுமிக்கு இமையில் கொட்டு விழுந்தது. யாரோ ஒருவர் கையால் அடித்துத் துரத்தப் பார்த்தார். கொட்டிய இடத்திலிருந்தும் நசுங்கிய தேனீயிலிருந்தும் எழும் வாழைப்பழ வாடை மற்ற தேனீக்களுக்குத் தாக்குவதற்கான அறிவிப்பு. அடித்ததும் கொட்டு கூடியது. மாடிக் குடித்தனக்காரர் கரப்பான் மருந்தைக் கொண்டுவந்து அடித்தார். இரவில் முறத்தால் அள்ளிக் கொட்டும் அளவுக்குத் தேனீக்கள் தரையில் கிடந்தன. மாதவரத்தில் மரத்தடியில் வைத்த பெட்டியோ மூன்றாம் நாள் காலையில் காலியாக இருந்தது. மகரந்தமும் தண்ணீரும் உள்ளே வரவில்லை என்றால் அடுக்குத் தேனீ புழுக்களையும் கைவிட்டுக் கிளம்பிவிடும். அடையில் எஞ்சியிருந்த புழுக்களை எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன.

போனது ஒரு கூட்டம் மட்டுமல்ல. அடுத்த ஆண்டு அதே தெருவில் வேறொரு வீட்டில் தேனீ கட்டியபோது எங்களை யாரும் அழைக்கவில்லை. தேனீக்காரர்கள் வந்துபோனால் இன்னும் மோசமாகும் என்று தெருவே பேசிக்கொண்டது. மண்ணெண்ணெய்ப் பந்தம் வந்தது, கூடு கருகியது. வெட்டிய அடையை நாரால் கட்டுவதற்கு ஒரு மாலையில் பழகிவிடலாம், ஆனால் ஒரு தெரு இழந்த நம்பிக்கையைத் திரும்ப வாங்க எனக்கு இதுவரை வழி தெரியவில்லை.

செய்ய வேண்டியது கடினமான காரியமும் அல்ல. மாலை நான்கு மணிவாக்கில் தொடங்குங்கள். அடைகளைக் கட்டிய பெட்டியைப் பழைய வாசல் இருந்த அதே இடத்தில், இயன்றவரை அதே உயரத்தில், அதே திசை பார்த்து வையுங்கள். ஸ்டூல் போட்டாவது, கயிற்றில் தொங்கவிட்டாவது வையுங்கள். பொழுது சாய்ந்து வெளியே போனவை எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு, ஏழரை எட்டு மணிக்கு, வாசலைக் கொசுவலைத் துண்டால் மூடி எடுத்துச் செல்லுங்கள். ஓரிரு நாள் அங்கேயே விட்டுவைக்க வீட்டார் சம்மதித்தால் அது இன்னும் நல்லது, அடைகள் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். நான் இதைத் தொலைபேசியிலேயே பேசி முடித்துவிடுகிறேன்: நான்கு மணிக்கு வருவேன், இருட்டிய பின்தான் எடுப்பேன், சம்மதமென்றால் வருகிறேன். சம்மதிக்காதவர்கள் மிகக் குறைவு.

இதே தவறு இன்னொரு வடிவத்திலும் நடக்கிறது. இரவில் சரியாகவே எடுத்துவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் தன் வீட்டு மாடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். காலையில் வெளியே வரும் தேனீக்கள் பழகிய அடையாளங்களைக் கண்டதும் நேராகப் பழைய இடத்துக்கே போய்ச் சேர்கின்றன. அடுக்குத் தேனீ பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் சுற்றளவுக்குள் மேயும் என்பதால் இரண்டு கிலோமீட்டராவது தள்ளிப் போக வேண்டும். நான் மூன்றுக்குக் குறைவதில்லை. தண்டையார்பேட்டைக் கூட்டம் என்றால் செங்குன்றத்துக்கு அப்பால் உள்ள தோப்புகளுக்கே கொண்டுபோகிறேன். அந்த வீட்டிலேயே வேறு மூலையில் வைத்துக்கொள்ள வீட்டார் விரும்பினால், பெட்டியை ஒரு நாளைக்கு ஓரிரு அடிக்கு மேல் நகர்த்தாதீர்கள்.

ஏற்கெனவே பகலில் எடுத்துவிட்டீர்கள் என்றால், வெட்கப்படாமல் அன்று மாலையே பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து அதே இடத்தில் வையுங்கள். வீட்டார் திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியில் குலுக்குவது

புதிதாகக் கட்டிய அடைகளோடு பெட்டியை பைக்கில் மடிமேல் வைத்துக்கொண்டு போகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலைப் பள்ளங்களில் பாதி அடை விழுந்துவிடுகிறது. குட்டி யானையிலோ ஆட்டோவிலோ, சட்டங்களின் நீளம் வண்டி போகும் திசையிலேயே இருக்கும்படி வைத்தால் பிரேக் போடும்போது அவை ஒன்றோடொன்று மோதாது.

தேனைப் பங்கு போடுவது

வீட்டார் முன்பே மருந்து அடித்திருந்தால் அந்தத் தேனை யாரும் நக்கிப் பார்க்கக்கூடக் கூடாது.

ராணித் தடுப்பை மறந்துவிடுவது

கூட்டம் ஓடிவிடாமல் இருக்க பணித் தேனீ நுழையவும் ராணி நுழையாதபடியும் துளையிட்ட ராணித் தடுப்புத் தகட்டை வாசலில் வைப்பது சரி. தேனீக்கள் மகரந்தத்தோடு வந்துபோகத் தொடங்கியதும், எப்படியும் ஒரு வாரத்துக்குள், அதைக் கழற்றிவிடுங்கள். உள்ளே இருப்பது கன்னி ராணி என்றால், கலவிப் பறப்புக்கு வெளியே போக முடியாமல் குடும்பமே வீணாகிவிடும்.

மொட்டைமாடியில் வைப்பது

புழு அடைக்கு 34, 35 டிகிரி வெப்பம் தேவை. சித்திரை வெயிலில் சிமென்ட் தளத்தின் மேல் வைத்த பெட்டிக்குள் அதைக் காப்பாற்ற அத்தனை தேனீக்களும் தண்ணீர் சுமந்தே மாளும். நிழலும் அருகில் தண்ணீரும் இல்லாத இடத்தில் வைக்காதீர்கள். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டிக் காலின் கீழே தண்ணீர்க் கிண்ணமும் இருக்கட்டும்.

கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறினால் "சரியாகிவிடும்" என்பது

உடனே 108.

பழைய பொந்தை அப்படியே விட்டுவிடுவது

மெழுகும் தேனீ வாசனையும் ஒட்டியிருக்கும் பொந்து அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு. ஒரே ஷட்டர் பெட்டிக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் போக நேர்ந்தால் குற்றம் தேனீயுடையதல்ல. அடை மிச்சங்களைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்தபின் சிமென்டாலோ நெருக்கமான கம்பி வலையாலோ அடைக்க வேண்டும். தேனீக்கள் உள்ளே இருக்கும்போது அடைத்தால் அவை வீட்டின் உள்பக்கம் வழி தேடும் என்பதையும், சுவருக்குள் செத்த தேனீயும் உருகிய தேனும் நாறி எறும்பையும் மெழுகு அந்துப்பூச்சியையும் அழைக்கும் என்பதையும் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வருவதற்கு முன்பே கொத்தனாரை அழைத்துவிடுவார்கள்.