பயணத்தில் சீஸ் கொண்டுசெல்வது எப்படி?

பிடித்த சீஸைப் பயணத்தில் உடன் எடுத்துச்செல்ல நினைப்பவர்கள், சுவையைப் பார்ப்பதற்கு முன் அதிலுள்ள ஈரத்தைப் பார்க்க வேண்டும். பாலைத் திரையவைத்து, நீரை வடித்து, உப்பிட்டு முதிரவைப்பதே சீஸ் தயாரிப்பு. அதிலிருந்து எந்த அளவுக்கு நீர் வெளியேறியிருக்கிறதோ, அந்த அளவுக்கு அது வெளிவெப்பத்தைத் தாங்கும். குறைந்தது 12 மாதங்கள் முதிரவைக்கப்படும் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் கெட்டியான இத்தாலிய சீஸில் நீர் ஏறத்தாழ 30 சதவீதம்தான். பிரீ, கமோம்பேர் போன்ற மென்மையான வகைகளில் அது கிட்டத்தட்ட பாதி. எனவே நெடும்பயணத்துக்குப் பார்மிஜானோ, முதிர்ந்த கவுடா, முதிர்ந்த செடார், மெழுகுப் பூச்சோடு வரும் எடாம் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. என் வாக்கு எப்போதும் முதிர்ந்த கவுடாவுக்கே. கேரமல் போன்ற இனிப்பும் உப்பும் கலந்த அதன் சுவை, ஒரு நாள் பெட்டியில் கிடந்த பின்பும் மாறுவதில்லை.

மென்மையான சீஸைக் கொண்டுபோயே தீர வேண்டுமென்றால், ஐஸ் பேக் வைத்த குளிர்காப்புப் பை இல்லாமல் கிளம்ப வேண்டாம். அது குளிர்பதன வெப்பநிலைக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் 1 மணி நேரமே எல்லை. லிஸ்டீரியா என்னும் நுண்ணுயிரி குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது என்பதால், கர்ப்பிணிகளுக்காக இவ்வகைகளைச் சுமந்துசெல்லாமல் இருப்பதே மேல். ஒருமுறை நன்கு பழுத்த கமோம்பேர் ஒன்றைத் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது, சீஸ் இருந்த சிறு மரப்பெட்டியின் விளிம்பு வழியாக வெண்ணெய்போல் வழிந்து, ஒரு சட்டையின் காலரில் ஒட்டியிருந்தது. இரண்டு முறை துவைத்தும் அந்த வாசம் போகவில்லை.

பொதிவதில்தான் பலர் தவறுகிறார்கள். பிளாஸ்டிக் உறையை நேரடியாக இறுக்கிச் சுற்றினால் வெட்டுமுகத்தில் வியர்வைபோல் ஈரம் கோத்து, பிசுபிசுப்பு ஏறி, பிளாஸ்டிக் வாடையும் சேர்ந்துகொள்ளும். முதலில் மெழுகுத்தாளையோ பட்டர் பேப்பரையோ வெட்டுமுகத்தின் மேல் படியவைத்து, ஓரங்களை மடித்து, அதற்கு மேல் ஒரு டப்பாவில் வைத்து மூடுங்கள். கெட்டியான வகையாக இருந்து, பயணம் ஒரு நாளைத் தாண்டுமென்றால், வாங்கும் இடத்திலேயே காற்றை உறிஞ்சியெடுத்து வெற்றிடப் பொதி செய்து தரக் கேட்கலாம். போய்ச் சேர்ந்ததும் அதைப் பிரித்துத் தாளுக்கு மாற்றிவிட வேண்டும். துருவியதை விடப் பெரிய துண்டாக எடுத்துச்செல்லுங்கள். காற்றுப்படும் பரப்பு குறைவாக இருந்தால் காய்வதும் பூஞ்சை பிடிப்பதும் குறையும். உறையவைத்து எடுத்துச்செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் பனிப்படிகங்கள் உள்கட்டமைப்பைக் குலைத்துவிடுவதால், உருகிய பின் சீஸ் பொடிப்பொடியாக உதிரும்.

விமானத்தில் கெட்டியான சீஸைக் கைப்பையில் வைப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. தடவக்கூடிய சீஸோ ஜெல்லாகக் கருதப்பட்டு, கைப்பையில் திரவங்களுக்கு உள்ள 100 மில்லிலிட்டர் வரம்புக்கு உட்பட்டுவிடும் விமான நிலையங்கள் பல உண்டு. அடர்ந்த கட்டி எக்ஸ்-ரே திரையில் சந்தேகத்தைக் கிளப்பக்கூடும் என்பதால், பையின் மேற்பகுதியிலேயே வையுங்கள்.

எல்லை கடக்கும் விதிகளைப் புறப்படும் முன் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அவை நோய்ப்பரவலுக்கேற்ப மாறுகின்றன. பெரும்பாலான வெளிநாடுகளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் பயணிகள் பால்பொருட்களைக் கொண்டுவர முடியாது. கோமாரி நோய் பரவியதால், ஒன்றியத்திலிருந்து பிரிட்டனுக்குத் தனிப்பட்ட பயன்பாட்டுக்குச் சீஸ் கொண்டுவருவதற்கும் 2025 ஏப்ரலில் தடை வந்தது. ஆஸ்திரேலியாவிலோ எந்த உணவாக இருந்தாலும் அறிவிப்புப் படிவத்தில் குறிப்பிடுவது கட்டாயம். மறைத்தால் அபராதம் உண்டு.

போய்ச் சேர்ந்ததும் வெட்டிப் பாருங்கள். முதிர்ந்த கவுடாவிலும் பார்மிஜானோவிலும் தென்படும் வெண்ணிறத் துகள்கள் பூஞ்சையல்ல. முதிர்ச்சியில் உருவாகும் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் படிகங்கள், பல்லில் நறநறப்பவை. உண்மையான பூஞ்சை கெட்டியான கட்டியில் தெரிந்தால், அதைச் சுற்றியும் ஆழத்திலும் 2.5 சென்டிமீட்டர் வெட்டியெறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மென்மையான வகையில் வேண்டாத பூஞ்சை வந்திருந்தால் முழுவதையும் குப்பையில் போட்டுவிட வேண்டும்.