சுகர் நார்மல்தான், ஆனால்: பருமனான பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனையில் நடக்கும் தவறுகள்

உடல் பருமன் உள்ள பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்தால் வீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது சர்க்கரை அளவைத்தான். வெறும் வயிற்றில் 88 என்று இருந்துவிட்டால் போதும், ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். அதே தாளில் கீழே டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு) 142, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 36 என்று அச்சாகியிருக்கும். உண்மையில் கவனிக்க வேண்டிய வரிகள் அவைதான்.

பருமன் கூடும்போது தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். கணையத்தின் பீட்டா செல்கள் இதை ஈடுகட்ட இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கின்றன. சிறு வயதில் அவற்றுக்கு அந்தத் தெம்பு உண்டு. அதனால் சர்க்கரை பல வருடங்கள் நார்மலாகவே இருக்கும். அந்த நார்மலைக் காப்பாற்ற, ஒல்லியான பிள்ளைக்குச் செலவாவதைப்போல இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் செலவாகிக்கொண்டிருக்கலாம். சர்க்கரை ஏறுவது இந்தக் கதையின் பிற்பகுதி. அதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு.

கொழுப்பு இதில் எங்கே வருகிறது? கொழுப்பு செல்களில் சேமித்ததை வெளியே விடாமல் பூட்டி வைப்பதும் இன்சுலினின் வேலை. எதிர்ப்பு வந்ததும் அந்தப் பூட்டு தளர்கிறது. கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் கசிந்து கல்லீரலுக்குப் போகின்றன. வேடிக்கை என்னவென்றால், சர்க்கரை உற்பத்தியைக் குறைக்கச் சொன்னால் கேட்காத கல்லீரல், கொழுப்பு தயாரிக்கச் சொன்னால் மட்டும் இன்சுலினுக்குக் கீழ்ப்படிகிறது. வந்து சேர்ந்த கொழுப்பையும் தானே செய்ததையும் விஎல்டிஎல் என்ற, டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களாகக் கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது. டிரைகிளிசரைடு ஏறுகிறது. அந்தத் துகள்கள் எச்டிஎல்லுடன் கொழுப்பைப் பரிமாறிக்கொள்வதால் எச்டிஎல் சீக்கிரம் சிதைந்து குறைகிறது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லின் அளவு பெரும்பாலும் பெரிதாக ஏறாது, ஆனால் துகள்கள் சிறியதாகவும் அடர்த்தியாகவும் மாறிவிடும். இவை ரத்தக்குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழையக்கூடியவை. ஆக, டிரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் இறங்கியிருந்தால், சர்க்கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் கணையம் கூடுதல் நேரம் உழைக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு.

அப்படியிருந்தும் இந்த வரிகள் ஏன் கண்ணில் படுவதில்லை? பல ரிப்போர்ட்களில் பக்கத்தில் அச்சாகியிருப்பது பெரியவர்களுக்கான வரம்பு. டிரைகிளிசரைடு 150க்குள், மொத்தக் கொலஸ்ட்ரால் 200க்குள் இருந்தால் சரி என்று போட்டிருக்கும். பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. 2011-ல் அமெரிக்காவில் வெளியாகி இன்றும் பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதலின்படி, டிரைகிளிசரைடு 9 வயது வரை 100ஐத் தொட்டாலே அதிகம். 10 முதல் 19 வயது வரை 130. மொத்தக் கொலஸ்ட்ரால் 170க்குள்ளும் எல்டிஎல் 110க்குள்ளும் இருக்க வேண்டும். எச்டிஎல் 40க்குக் கீழே போனால் குறைவு. முதலில் சொன்ன 142 ஒரு தாத்தாவுக்கு நார்மல், பேரனுக்கு அதிகம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: ஒரே ஒரு பரிசோதனையைப் பார்த்துப் பதறுவது. டிரைகிளிசரைடு நாளுக்கு நாள் நன்றாகவே ஏறி இறங்கும். சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தாலும் ஏறும், காய்ச்சல் வந்து தேறிக்கொண்டிருக்கும்போதும் ஏறும். காய்ச்சல் விட்டுச் சில வாரம் கழித்து, வெறும் வயிற்றில், இரண்டு முறை எடுத்து சராசரி பார்ப்பதே முறை. சின்னப் பிள்ளையைப் பட்டினி போட முடியாதா? மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள். சாப்பிட்டிருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. 145ஐத் தொட்டால் டாக்டரிடம் பேச வேண்டும்.

அப்புறம் இன்சுலின் பரிசோதனை. வீடியோ பார்த்துவிட்டு நேரே லேபுக்குப் போய் ஃபாஸ்டிங் இன்சுலின் எடுத்து, அதையும் சர்க்கரையையும் வைத்து இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிடும் ஹோமா-ஐஆர் கணக்குப் போட்டுக் கலங்கும் பெற்றோர் இப்போது அதிகம். பருமனான பிள்ளைகளுக்கு இதை வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்று குழந்தை நல நாளமில்லாச் சுரப்பி நிபுணர்களின் சங்கங்கள் 2010-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டன. காரணங்கள் எளிமையானவை. ஒரு லேபின் எண் இன்னொரு லேபின் எண்ணோடு ஒத்துப்போகாது. எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால் இன்சுலின் குறைவாகக் காட்டும். கணையம் சுரப்பதில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரலே முதல் சுற்றில் எடுத்துக்கொள்வதால், கையில் எடுக்கும் ரத்தத்தில் இருப்பது சுரப்பின் நேரடி அளவும் அல்ல. பருவ வயதில் எந்தப் பிள்ளைக்கும் இன்சுலினின் திறன் இயல்பாகவே குறைந்து, சுரப்பு கூடி, பிறகு சரியாகும். 13 வயதில் எடுத்த எண்ணை 8 வயதில் எடுத்ததோடு ஒப்பிட்டு என்ன பயன்? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. போன வருடத்தைவிட இன்சுலின் குறைந்திருந்தால் அது எப்போதும் நல்ல செய்தி இல்லை. பீட்டா செல்கள் களைத்துப்போனாலும் குறையும். என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்கு ரத்த அழுத்தமும் கல்லீரல் என்சைமும் பார்ப்பது மேல். 10 வயது தாண்டியிருந்து, அம்மா அப்பா யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அல்லது குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை. ரத்தசோகை உள்ள பெண்பிள்ளையென்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியை ஏற்றிக் காட்டும்.

செலவே இல்லாத ஓர் அடையாளம் பின்கழுத்திலும் அக்குளிலும் தெரியும் கருமை. வெல்வெட் மாதிரித் தடித்திருக்கும். அதை அழுக்கென்று நினைத்துக் கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறார்கள், பிள்ளை அழுகிறது. மிகையான இன்சுலின் தோல் செல்களைத் தூண்டுவதால் வருவது அது. தேய்த்தால் போகாது, இன்சுலின் இறங்கினால் மெல்ல மங்கும்.

சாப்பாட்டில் நடக்கும் பெரிய தவறு, கொழுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எண்ணெயையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, பிஸ்கட், பாக்கெட் ஜூஸ், சர்க்கரை போட்ட சத்துமாவுப் பானம், தட்டு நிறையச் சோறு ஆகியவற்றை அப்படியே விடுவது. டிரைகிளிசரைடை ஏற்றுவதில் இனிப்புக்கும் மாவுச்சத்துக்கும்தான் பெரிய பங்கு. மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக்குகிறது. பழத்தைக் கடித்துச் சாப்பிடட்டும், பிழிந்து கொடுக்க வேண்டாம். தினமும் ஒரு மணி நேரம் ஓடி ஆடினால், எடை இறங்கும் முன்பே டிரைகிளிசரைடு இறங்கத் தொடங்கும். உயரம் கூடுகிற வயதில் எடை ஏறாமல் நின்றாலே அது முன்னேற்றம்தான்.

“வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருப்பதும் ஆபத்து. பருவ வயதின் எதிர்ப்பும் பருமனின் எதிர்ப்பும் ஒன்றுசேரும் காலம் அது. 10 முதல் 17 வயதுக்குள் டைப் 2 சர்க்கரை நோய் வந்த 699 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த டுடே ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் நிற்கவில்லை.

“எங்கள் பிள்ளை அவ்வளவு குண்டு இல்லையே” என்பவர்கள் இடுப்பை அளந்து பார்க்கலாம். உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனம் தேவை. பிறக்கும்போதே எடை குறைவாகவும் அதற்குள் கொழுப்பு அதிகமாகவும் இருக்கும் இந்தியக் குழந்தைகளைப் பற்றிப் புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பல்லாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் குறைந்த எடையிலேயே தொல்லை தொடங்கிவிடுவதால், இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி (உயரம், எடை) அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும் எடையின் மீது போடுவது. எல்டிஎல் 190ஐத் தாண்டினால் அதற்குப் பருமன் மட்டும் காரணமாக இருப்பது அரிது. பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் கோளாறாக இருக்கலாம். அது ஒல்லியான பிள்ளைக்கும் வரும், சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் மட்டும் அடங்காது, 8-10 வயதிலேயே மாத்திரை தேவைப்படலாம். தைராய்டு குறைவையும் சிறுநீரகக் கோளாறையும் டாக்டர் பார்த்து விலக்குவார். பரம்பரைக் கோளாறுதான் என்றால், அடுத்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்கள் அம்மாவும் அப்பாவும், கூடப் பிறந்தவர்களும்.