100 ரூபாய் டிக்கெட், 140 ரூபாய்ச் செலவு: ரேஸுக்குப் போகிறவருக்கான கணக்கு

குதிரை ரேஸில் கை சுட்ட பலருக்குக் குதிரையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தே இருக்கும். விலையை, அதாவது போட்ட பணத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை, பார்க்கத்தான் தெரிந்திருக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத் தொகை முழுவதன் மீதும் 40 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு முன் 28. ஜெயித்தாலும் தோற்றாலும் இந்த வரி உண்டு. வரியைத் தனியாகச் சேர்த்து வாங்கும்போது 100 ரூபாய்ப் பந்தயத்துக்குக் கையிலிருந்து போவது 140.

இதை வைத்து ஒவ்வொரு விலையையும் திரும்பக் கணக்குப் போடுங்கள். ஒன்றுக்கு இரண்டு என்ற விலையில் ஒரு குதிரை இருக்கிறது. ஜெயித்தால் 100-க்கு 300 வரும். வரி இல்லாவிட்டால் மூன்று ஓட்டத்தில் ஒன்று ஜெயித்தாலே கைக்காசு தப்பும். 140 போட்டு 300 எடுக்க வேண்டுமென்றால் நூற்றுக்கு 47 தடவை அது ஜெயிக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று விலையில் 70 தடவை. ஒன்றுக்கு ஐந்து விலையில் 23 தடவைக்கு மேல். ஐந்து போட்டால் இரண்டு லாபம் என்ற விலைக்கு இறங்கிவிட்ட ‘கண்டிப்பா வரும்’ பேவரிட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 140 போகிறது, ஜெயித்தால் வருவதும் 140. அதற்கும் கீழே போனால் ஜெயித்தும் நஷ்டம். அன்றைய குதிரைகளின் விவரம் உள்ள ரேஸ் புக்கில் முதல் வேலையாக அப்படிப்பட்ட பேவரிட்டுகளை அடித்துவிடுங்கள்.

வரிக்கு முன்பே புக்கிகள், அதாவது விலை சொல்லிப் பந்தயம் வாங்குகிறவர்கள், தங்கள் பங்கை விலைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஆறு குதிரை ஓடுகிறது. விலை முறையே 6/4 (நான்கு போட்டால் ஆறு லாபம்), 2/1, 4/1, 6/1, 8/1, 10/1 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் ஜெயிக்கும் வாய்ப்பாக மாற்றினால் 40, 33.3, 20, 14.3, 11.1, 9.1. கூட்டினால் 127.8. நூறு இருக்க வேண்டிய இடத்தில் 27.8 கூடுதல். ரேஸ் கிளப்பே நடத்தும் டோட்டில் வேறு மாதிரி: எல்லோரும் கட்டிய பணம் ஒரே தொட்டியில் சேர்கிறது, கிளப் தன் பங்கை எடுத்த பிறகு மிச்சம் ஜெயித்தவர்களுக்குப் பிரிகிறது. புக்கியிடம் எடுத்த விலை எடுத்த நேரத்தோடு உறுதி. டோட்டில் பலகையில் பார்த்த விலை கேட் திறக்கும்வரை மாறிக்கொண்டே இருக்கும். கடைசி இரண்டு நிமிடத்தில்தான் பெரிய பணம் விழும். சீக்கிரம் கட்டிவிட்டு ‘அப்ப அஞ்சு காட்டுச்சே’ என்று புலம்புவதில் பயனில்லை.

இந்த இரண்டு வெட்டையும் தாண்டி ஆண்டு முழுக்க லாபம் பார்ப்பேன் என்று யாராவது சொன்னால் அவர் கணக்கு நோட்டைக் கேளுங்கள். இங்கே சொல்லும் கட்டுப்பாடு நஷ்டத்தை ஒரு வரம்புக்குள் நிறுத்துவதற்கு. ரேஸுக்குப் போகும் பணத்தைத் திருவிழாச் செலவு மாதிரி எழுதிவிட வேண்டும்.

எங்கே கட்டலாம்? நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேஸ் மைதானம் கிடையாது. ஊட்டி மைதான நிலத்தை 2024-ல் அரசு எடுத்துக்கொண்டது. கிண்டி நிலமும் குத்தகை வழக்கில் சிக்கியது; அங்கே போவதாக இருந்தால் அன்றைக்கு ரேஸ் உண்டா என்று உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். மற்றபடி பெங்களூரு, மைசூர், ஹைதராபாத், மும்பை, புனே. குதிரை ரேஸில் திறமைக்குத்தான் முதலிடம் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது உண்மைதான். அதைக் காட்டிக் கீழக்கரை டீக்கடையில் சீட்டு எழுதுகிறவரோ, வாட்ஸ்அப்பில் பணம் வாங்குகிறவரோ சட்டப்படி நடப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. மைதானத்துக்குள் இருக்கும் டோட்டு, கிளப் உரிமம் பெற்ற புக்கி, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளி ஆள் ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்க முடியாது. இன்னொன்று: சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பியவர்களிடம் ‘சிங்கப்பூர் ரேஸ்’ என்று இன்னும் பணம் கேட்கிறார்கள். அங்குள்ள கிராஞ்சி மைதானத்தில் கடைசி ரேஸ் 2024 அக்டோபர் 5-ல் ஓடி முடிந்துவிட்டது.

பணத்தை ஒதுக்கும் முறை இது. ஒரு சீசனுக்கு ஒரே தொகை. 7,000 என்று வையுங்கள். ஒரு பந்தயம் அதில் 2 சதவீதம், வரியோடு 140. அப்படியானால் சீசனுக்கு 50 பந்தயம், ஒரு நாளில் மூன்றுக்கு மேல் இல்லை. மதுரைக்குப் பஸ், அங்கிருந்து ரயில், சாப்பாடு, நுழைவுச்சீட்டு எல்லாம் இதற்கு வெளியே. ஆனால் நோட்டில் வர வேண்டும். ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் பக்கம் படகுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பெங்களூரு கோடை சீசன் தொடங்குவதும் மே மாத வாக்கில்தான். கையில் வரும்படி இல்லாமல் நேரம் மட்டும் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் பந்தயம் வேண்டாம். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், ஏலச்சீட்டு எடுத்த பணம், வெளிநாட்டிலிருந்து வீட்டுச் செலவுக்கு வந்த பணம், அடகு வைத்த நகை: இந்த நான்கிலிருந்தும் ஒரு ரூபாய்கூட 7,000-க்குள் வரக் கூடாது.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டி மீட்கலாம் என்ற யோசனை எல்லோருக்கும் ஒரு நாள் வரும். 100, 200, 400 என்று ஏழு தடவை தோற்றால் பந்தயம் மட்டும் 12,700. எட்டாவது 12,800. வரியோடு மொத்தம் 35,700 போயிருக்கும். எட்டாவது குதிரை ஒன்றுக்கு ஒன்று விலையில் ஜெயித்தால் வருவது 25,600. அதாவது திட்டம் பலித்தும் 10,100 நஷ்டம். ஏழு தோல்வி அபூர்வமும் இல்லை. நான்கில் ஒன்று ஜெயிக்கிற ஆளுக்கே 50 பந்தயத்துக்குள் தொடர்ந்து பத்துத் தோல்வி வர கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

டிக்கெட் வகையில் வின் (குதிரை முதலில் வர வேண்டும்), பிளேஸ் (முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும்) இரண்டோடு நில்லுங்கள். தனாலா என்றால் முதல் மூன்று குதிரையை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். பத்துக் குதிரை ஓடினால் 720 வரிசை சாத்தியம். நான்கு குதிரையை எடுத்து எல்லா வரிசையிலும் கட்டினாலே 24 டிக்கெட். ஜாக்பாட் என்றால் ஐந்து ரேஸிலும் ஜெயிக்கும் குதிரையைச் சொல்ல வேண்டும்; அதில் ஐந்து ரேஸுக்கும் மும்மூன்று குதிரை போட்டால் 243. ‘சின்னக் காசுக்குப் பெரிய பணம்’ என்ற பேச்சு இந்தப் பெருக்கலைச் சொல்வதில்லை.

எந்த ரேஸில் கட்டுவது? முதலில் கழியுங்கள். முதல்முறை ஓடும் குட்டிகள் உள்ள ரேஸ், பன்னிரண்டுக்கு மேல் குதிரை ஓடும் ரேஸ், மழை பெய்து தரை மாறிவிட்ட நாள், கடைசி வகுப்புக் குதிரைகளின் ரேஸ், இவையெல்லாம் போகட்டும். ஆறு முதல் ஒன்பது குதிரை, ஒவ்வொன்றும் அண்மையில் மூன்று தடவையாவது ஓடியிருக்க வேண்டும். ஒரு நாள் ரேஸ் பட்டியலில் இப்படி ஒன்றோ இரண்டோ தேறும். சில நாள் ஒன்றும் தேறாது, அன்றைக்குப் பார்த்துவிட்டு வரலாம்.

நம்ம பக்கத்து வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிக்கிற மாதிரி இங்கே ரேட்டிங்கை, அதாவது குதிரையின் திறமைக்குப் போடும் மதிப்பெண்ணை, வைத்து வகுப்புப் பிரிக்கிறார்கள். ஒரே வகுப்புக்குள்ளும் ரேட்டிங் கூடின குதிரை அதிக எடை சுமக்கும். அதனால் போன தடவை ஜெயித்ததா என்பதைவிட, எந்த வகுப்பில், எத்தனை கிலோவோடு, எத்தனை மீட்டரில் ஜெயித்தது என்று பாருங்கள். 1600 மீட்டரில் ஏறக்குறைய ஒரு கிலோ ஒரு குதிரை நீளத்துக்குச் சமம் என்பது தோராயக் கணக்கு. அரை நீளத்தில் ஜெயித்த குதிரை இன்றைக்கு 4 கிலோ கூடுதலாகச் சுமந்தால், அன்றைக்குத் தோற்ற குதிரைக்குத்தான் சாதகம். 1200-ல் கடைசியில் பாய்ந்து வந்த குதிரை 1400-ல் நன்றாக இருக்கும். 1000-க்கு இறக்கினால் பாய்வதற்குள் ரேஸ் முடிந்துவிடும். இன்னும் பயிற்சியில் இருக்கும் அப்ரண்டிஸ் ஜாக்கிக்கு எடைச் சலுகை உண்டு, புக்கில் போட்ட எடையிலிருந்து அதைக் கழியுங்கள். தரையின் மென்மையைச் சொல்லும் பெனட்ரோமீட்டர் அளவு அன்று காலை வரும். தரை இளகியிருந்தால் பழைய நேரங்களை மறந்துவிடுங்கள்.

பத்திரிகையில் வரும் காலை ஒர்க் (பயிற்சி ஓட்டம்) நேரத்தை ரொம்ப நம்ப வேண்டாம். 600 மீட்டரை 39 செகண்டில் ஓடியது என்றால், ஏறியது ஜாக்கியா, பயிற்சிக்கு மட்டும் ஓட்டும் ரைடிங் பாயா என்று பார்க்காமல் அந்த நேரத்துக்கு அர்த்தமில்லை. எடை வேறு, பிடித்து ஓட்டினார்களா விட்டு ஓட்டினார்களா என்பதும் வேறு.

இனி உங்கள் கணிப்பை எண்ணாக எழுதுங்கள், பலகையைப் பார்ப்பதற்கு முன்பே. ‘இது நூற்றுக்கு 30 தடவை ஜெயிக்கும்’ என்று எழுதினால், 140-ஐ 0.30-ஆல் வகுங்கள்: 467. 100-க்கு 467-க்கு மேல் தரும் விலை, அதாவது ஒன்றுக்கு நான்கு கிடைத்தால் கட்டலாம். மூன்றரைதான் கிடைக்கிறதென்றால் விட்டுவிட வேண்டும். அது ஜெயித்தாலும் விட்டது சரியே. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான். குதிரை பிடித்துப்போனதும் எண்ணைத் திருத்துவார்கள். பேனாவில் எழுதினால் அடித்துத் திருத்தியது தெரியும்.

நோட்டில் ஒரு வரிக்கு ஏழு கட்டம்: தேதியும் மைதானமும், குதிரை, உங்கள் கணிப்பு, எடுத்த விலை, வரியோடு போன பணம், வந்த பணம், கட்டிய காரணம். காரணக் கட்டத்தில் ‘நண்பர் சொன்னார்’ என்று வருகிற வரிகளைத் தனியே கூட்டிப் பாருங்கள். ரிசல்ட் உறுதியாகும்வரை டிக்கெட்டைக் கிழிக்காதீர்கள். ஓட்டத்தில் தவறு நடந்ததாக எழும் ஆட்சேபணையில் (அப்ஜெக்ஷன்) முதல் குதிரை இறக்கப்படுவது உண்டு.

ஒரே பந்தயத்தில் ஜெயித்தது 10,000-க்கு மேல் போனால் 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதற்குக் கீழே இருந்தாலும் கணக்கில் காட்டி அதே 30 சதவீதம் கட்ட வேண்டும். மற்ற நாள் தோற்ற பணத்தை அதில் கழிக்க வருமான வரித்துறை விடாது.

50 வரி நிறைந்ததும் சீசன் முடிந்தது. பணம் மிச்சம் இருந்தாலும் அப்படித்தான்.  7,000 தீர்ந்த பிறகு கடன் கேட்கத் தோன்றினாலோ, வீட்டில் தொகையைக் குறைத்துச் சொன்னாலோ, விட்டதைப் பிடிக்கும் நினைப்பில் தூக்கம் போனாலோ அடுத்த சீசன் வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.