தலையில் ஷன்ட் இருப்பவருக்குப் பூஞ்சை மூளைக்காய்ச்சல்: கண்டுபிடிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் மூளைத் தண்டுவட நீர் சின்னக் குப்பியில் என் மேசைக்கு வரும். கூடவே ஒரு சீட்டு. நோயாளிக்குத் தலையில் ஷன்ட் இருக்கிறது என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தால் நாங்கள் செய்யும் வேலை வேறு, எழுதாவிட்டால் வேறு. தாராபுரம் பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்கு அப்படி எழுதாமல் வந்தது. வழக்கமான சாம்பிள் என்று நினைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரில் மூன்றாம் நாளே 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் கொடுத்தோம். அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

தலைக்குள் நீர் கட்டிக்கொண்டால், மூளையின் உள்ளறையிலிருந்து வயிற்றுக்குள் அதை வடிய விடுவதற்குத் தோலுக்கடியில் வைக்கும் மெல்லிய சிலிக்கோன் குழாய்தான் ஷன்ட். தோட்டத்தில் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இதில் வரும் சிக்கல் சட்டென்று புரியும். குழாயின் உள்சுவரில் பாசி வழவழவென்று பிடித்திருக்கும், முனையில் வரும் தண்ணீரோ தெளிவாக இருக்கும், ஒரு நாள் சொட்டு நின்றுபோகும். கேண்டிடா என்ற பூஞ்சையும் ஷன்டுக்குள் இப்படித்தான் படலமாக ஒட்டிக்கொள்கிறது. நீரில் உதிர்ந்து வருவது கொஞ்சம்தான். ஒரு தடவை எடுத்த நீரில் ஒன்றும் இல்லை என்பதால் குழாயிலும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

முதல் தவறு வீட்டிலேயே நடக்கிறது: காய்ச்சல் அடிக்கட்டும் என்று காத்திருப்பது. கழுத்து விறைப்பு, கடும் காய்ச்சல் எல்லாம் ஷன்ட் தொற்றில் வராமலே போகலாம். "பத்து நாளா மந்தமாவே இருக்கானுங்க, சோறு இறங்க மாட்டேங்குது" என்று அம்மாக்கள் சொல்வதுதான் பல சமயம் முதல் அறிகுறி. தலைவலி, வாந்தி, எந்நேரமும் தூக்கம். குழாயின் கீழ் முனை வயிற்றில் இருப்பதால் வயிற்று வலியும் உப்புசமும்கூட வரும். வயிற்றுக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி விடாதீர்கள். ஷன்ட் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, அடைப்பை வெறும் அடைப்பாக மட்டும் பார்ப்பது. நான் சொன்ன பிள்ளைக்கு இரண்டு முறை குழாய் அடைத்தது, இரண்டு முறையும் மாற்றினார்கள். கழற்றிய குழாய் கழிவோடு போய்விட்டது. மூன்றாம் முறை ஆப்பரேசன் தியேட்டரில் இருந்த ஒரு சிஸ்டர் குழாயின் துண்டைக் கிருமி நீக்கிய குப்பியில் போட்டு, 'ஷன்ட் முனை, பூஞ்சைக் கல்ச்சர் வேண்டும்' என்று எழுதி அனுப்பினார். கேண்டிடா வளர்ந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆனால் பார்வை பழையபடி இல்லை. திரும்பத் திரும்ப அடைக்கும் ஷன்டை, வேறு காரணம் தெரியும்வரை, தொற்று என்றே சந்தேகிக்க வேண்டும் என்பது என் எண்ணம். குறைமாதக் குழந்தை, நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் வாங்கியவர், வயிற்றில் அறுவை நடந்தவர், ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால் பூஞ்சையும் அந்தச் சந்தேகத்தில் சேர வேண்டும்.

எங்கிருந்து நீர் எடுப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. தொற்று குழாயில் இருந்தால் முதுகில் எடுத்த நீர் சுத்தமாக இருக்கலாம், ஷன்டிலிருந்தே எடுக்க வேண்டும். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை நேர்மாறானது. அது மூளையின் அடிப்பகுதி உறையில் தங்குவதால் மூளை உள்ளறை நீர் ஏறக்குறைய இயல்பாகவே இருந்து முதுகு நீர் மட்டும் கெட்டிருக்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டி வரும். முதுகில் ஊசி போடலாமா என்பதை ஸ்கேன் பார்த்தபின் நரம்பு அறுவை மருத்துவர் முடிவு செய்வார், ஏனென்றால் தலைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது அது ஆபத்தாக முடியலாம். மற்றபடி "முதுகுல தண்ணி எடுத்தா காலு வராமப் போயிருமுங்களா" என்ற பயம் ஊரெல்லாம் இருக்கிறது. ஊசி போடும் இடம் தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே. அந்தப் பயத்தில் கையெழுத்துப் போடாமல் நாள் கடத்த வேண்டாம்.

அளவு! அரை மில்லி நீரை அனுப்பி செல், சர்க்கரை, புரதம், கல்ச்சர், டி.பி., பூஞ்சை எல்லாம் பார்க்கச் சொன்னால் எப்படிப் பார்ப்பது? பூஞ்சை அடர்த்தி குறைவாக இருக்கும், அதனால் பெரியவர்களுக்கு 5 முதல் 10 மில்லியாவது வேண்டும். எவ்வளவு எடுக்கலாம் என்பது மருத்துவர் கையில் இருக்கிறது, அதில் பெரும்பங்கு கல்ச்சருக்கு வர வேண்டும். கல்ச்சருக்கான குப்பியை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது.

எங்கள் பக்கத் தவறுக்கு வருகிறேன். கேண்டிடா சில நாளிலேயே வளரக்கூடியது, ஆனால் எல்லாப் பூஞ்சையும் அப்படியில்லை. கல்ச்சர் தட்டுகளை 4 வாரம் வரை வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம், ஷன்ட் நீரில் ஒரே ஒரு கேண்டிடா காலனி வந்தால்கூட 'வெளியிலிருந்து ஒட்டியது' என்று தள்ளிவிடக் கூடாது. போனைப் போட்டு மருத்துவரிடம் சொல்லி, இன்னொரு சாம்பிள் கேட்க வேண்டும். செல் எண்ணிக்கை இயல்பு என்பதும் தொற்று இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

நம் பக்கம் இன்னொரு வழுக்குப்பாறை டி.பி. பெருந்துறையில் சானடோரியம் என்றே ஒரு இடம் பெயர் வாங்கும் அளவுக்கு இந்த ஊர்களின் நினைவில் காசநோய் இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானதும்கூட, தலையில் நீர் கட்டுவதற்கு டி.பி. மூளைக்காய்ச்சல் ஒரு முக்கியக் காரணம்தான். ஆனால் லிம்போசைட் என்ற வெள்ளை அணு அதிகம், புரதம் அதிகம், சர்க்கரை குறைவு என்ற அதே படம் கிரிப்டோகாக்கஸிலும் வரும். டி.பி. மருந்தோடு ஸ்டீராய்டும் சேரும்போது முதல் சில நாள் நோயாளி தேறுவது போலத் தெரியும், உள்ளே பூஞ்சைக்குத் தடையே இல்லாமல் போகும். ஆகவே டி.பி. என்று முடிவு கட்டும் அன்றே அந்தப் பூஞ்சையின் பொருள் நீரில் இருக்கிறதா என்று காட்டும் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் சோதனையையும் கேட்டுவிட வேண்டும். சில சொட்டு நீரும் சில நிமிடமும் போதும். இந்தியா இங்க் என்ற கறுப்பு மை போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்து 'இல்லை' என்று வந்ததை மட்டும் நம்ப முடியாது. எச்.ஐ.வி. இல்லாத கிரிப்டோகாக்கஸ் நோயாளிகளில் பாதிப் பேருக்கு அதில் பூஞ்சை தெரியாமலே போகலாம். எச்.ஐ.வி. இல்லை என்பதால் கிரிப்டோகாக்கஸ் வராது என்று நினைப்பதும் தவறு.

பூஞ்சைச் சுவரில் உள்ள ஒரு பொருளைத் தேடும் பீட்டா டி குளுக்கன் சோதனை கேண்டிடாவுக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கும் உதவும், கிரிப்டோகாக்கஸை நம்பகமாகக் காட்டாது. கேண்டிடாவில் எந்த இனம் என்றும் பார்த்தாக வேண்டும். 2009-இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் இப்போது நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இருக்கிறது. புளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்குப் பெரும்பாலும் அது அடங்காது, சில தானியங்கிக் கருவிகள் அதற்கு வேறு பெயர் சொல்லிவிடும்.

கேண்டிடா என்று உறுதியானபின், "இன்னொரு ஆப்பரேசனா? மருந்துலயே சரி பண்ண முடியாதுங்களா?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்த வலி புரிகிறது. ஆனால் படலம் ஒட்டிய குழாயை உள்ளே விட்டுவிட்டு மருந்து மட்டும் ஏற்றினால் பெரும்பாலும் மறுபடி வரும். குழாயை எடுத்து, தற்காலிகமாக நீரை வெளியே வடியவிட்டு, ஆம்போடெரிசின் போன்ற பூஞ்சை மருந்து கொடுத்து, நீர் சுத்தம் என்று கல்ச்சரில் தெரிந்தபிறகே புதுக் குழாய் வைப்பார்கள். அந்த வாரங்களில் திரும்பத் திரும்ப நீர் எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள், ஒவ்வொரு முறையும் சீட்டில் ஷன்ட் என்று எழுதியிருக்க வேண்டும்.